தூங்கும் குழந்தையின் மூச்சை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்குச் சளி பிடித்து, நெஞ்சில் 'கர் கர்' என்று சத்தம் கேட்டு, ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். மறுநாள் டாக்டர் ஸ்டெத்தை வைத்துப் பார்த்துவிட்டு "லேசா வீசிங் இருக்கு" என்பார். அவ்வளவுதான், வீடு முழுக்கக் கவலை. இது ஆஸ்துமாவா, பெரியவன் ஆனாலும் இருக்குமா, நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா?

கைக்குழந்தைகளின் நுரையீரலை நாற்பது ஐம்பது வருடமாக அளந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர்கள் கண்டதை வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் குழந்தை இப்போது மூச்சுக்குத் திணறுகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கைக்குழந்தையின் நுரையீரலைப் போய் எதற்கு அளக்க வேண்டும்?

பெரியவர்களுக்கு ஸ்பைரோமெட்ரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாயை வாயில் வைத்து "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று டெக்னீஷியன் கத்துவார். ஐந்தாறு வயதுப் பிள்ளை வரை இதைச் செய்ய வைத்துவிடலாம். அதற்கும் சின்னக் குழந்தையிடம் நடக்காது. அதனால் பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் சேரும் வரை நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்பது ரொம்ப காலம் இருட்டாகவே இருந்தது.

ஆனால் முக்கியமான வேலையெல்லாம் நடப்பது அந்தக் காலத்தில்தான். மூச்சுக்குழல் மரம்போலக் கிளை விட்டுப் பிரிவது கர்ப்பத்தின் 16, 17-ஆவது வாரத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பல தாய்மார்களுக்கு அப்போது குழந்தையின் அசைவுகூடத் தெரிந்திருக்காது. அதன்பிறகு கிளைகள் நீளும், அகலும், எண்ணிக்கை கூடாது. காற்றுப் பைகளின் கதை வேறு. வளர்ந்த மனிதருக்குச் சராசரியாக 48 கோடி காற்றுப் பைகள். பிறக்கும்போது அதில் ஒரு பகுதிதான் இருக்கும். மீதியில் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று வருடத்தில் உருவாகிறது.

ஆக, குழாய் அமைப்பைக் கர்ப்பகாலம் முடிவு செய்கிறது, பைகளின் எண்ணிக்கையைத் தொட்டில் காலம் முடிவு செய்கிறது.

ஊதச் சொல்லவே முடியாதே, பின்னே எப்படி அளக்கிறார்கள்?

தூங்க வைத்து அளக்கிறார்கள். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த பார்ல் என்ற ஊர் இருக்கிறது. ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரின் தலைமையில் டிராக்கென்ஸ்டைன் குழந்தைகள் நல ஆய்வு அங்கேதான் 2012-இல் தொடங்கியது. 1137 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை ஆறு முதல் பத்து வாரத்தில் கொண்டுவரச் சொல்லி, மயக்க மருந்து எதுவும் கொடுக்காமல், இயல்பான தூக்கத்தில் நுரையீரலை அளந்தார்கள்.

இந்தச் சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? அம்மா பால் கொடுத்துக் குழந்தையைத் தூங்க வைப்பார். அறையில் விளக்கைக் குறைத்துவிடுவார்கள், யாரும் பேச மாட்டார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தலை ஒரு பக்கம் சாயாமல் பார்த்து, மூக்கையும் வாயையும் மூடும்படி சின்ன முகமூடியை மெதுவாக வைப்பார்கள். ஓரத்தில் காற்று கசியக் கூடாது. அதற்காக மாவுபோல மிருதுவான ஒரு பசையை விளிம்பில் ஒட்டுவதுண்டு. முகமூடி பட்டதும் சில குழந்தைகள் முகத்தைச் சுளிக்கும், சில எழுந்து அழும். அழுதால் திரும்பவும் பால், திரும்பவும் தோள், திரும்பவும் காத்திருப்பு.

தூங்கினால் மட்டும் போதாது, ஆழ்ந்து தூங்க வேண்டும். மூடிய இமைக்குள் கண் உருண்டுகொண்டிருந்தால் மூச்சு ஒழுங்காக இருக்காது. கண் அடங்கி, மூச்சு ஒரே சீராக வரும் வரை கருவியைத் தொட மாட்டார்கள். அப்புறம் தொடர்ந்து ஒரு நூறு மூச்சு கிடைத்துவிட்டால் நல்ல பதிவு. இடையில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டால் அதன் அருகில் உள்ள பகுதியைக் கழித்துவிட வேண்டும். ஒரு மூச்சில் உள்ளே போய் வரும் காற்று எடையில் கிலோவுக்கு ஐந்து முதல் ஏழு மில்லிலிட்டர்தான். நாலு கிலோ குழந்தைக்கு என்றால் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் இரண்டு, மூன்று மூடி அளவு. இதில் கால்வாசி முகமூடி ஓரத்தில் கசிந்தாலும் கணக்கு வீண்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்வது இல்லையா?

உண்டு. குழந்தையின் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிக் காற்றடைக்கும் ஒரு சட்டை போட்டு, நுரையீரலில் காற்றை நிரப்பி, சட்டையைச் சட்டென்று ஊதினால் காற்று வேகமாக வெளியே வரும். குழந்தை தானாக ஊதாததால் அதற்குப் பதில் நாம் அமுக்குகிறோம். கேட்கப் பயமாக இருக்கும், குழந்தைக்கு வலிக்காது. ஆனால் முழித்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் முடியாது என்பதால் குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்து தேவைப்படும். லண்டனில் ஜேனட் ஸ்டாக்ஸ் போன்றவர்கள் இந்த முறையைச் செம்மைப்படுத்தி, பிறவியிலேயே வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் அறிகுறி தெரியும் முன்பே நுரையீரல் பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்தினார்கள். நோயுள்ள குழந்தைக்கு அதில் நியாயம் உண்டு. நன்றாக இருக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஆராய்ச்சிக்காகத் தூக்க மருந்து கொடுக்க எந்த அம்மா ஒத்துக்கொள்வார்? பெரிய ஆய்வுகள் இயல்பான தூக்கத்துக்கு வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிடைக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மூச்சு விடும்போது காற்று எவ்வளவு சீக்கிரம் உச்ச வேகத்தை எட்டுகிறது என்பது. மூச்சு விடும் மொத்த நேரத்தில் அது எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். குழாய்கள் குறுகலாக இருந்தால் உச்சம் சீக்கிரமே வந்துவிடும், பங்கு குறையும். நார்வேயின் ஆஸ்லோவில் பிறந்து சில நாளே ஆன 802 குழந்தைகளுக்கு இப்படி அளந்து, பத்து வயதில் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. அளவு நடுவிலோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் 24.3 சதவீதத்துக்கும், மேலே இருந்தவர்களில் 16.2 சதவீதத்துக்கும் ஆஸ்துமா வந்திருந்தது. கூட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெளிவு. ஒரு தனிக் குழந்தையைப் பார்த்து 'இதற்கு வரும்' என்று சொல்ல இந்த எண் போதாது என்பதும் அதே அளவு தெளிவு. குறைந்த அளவு இருந்தவர்களிலும் நாலில் மூன்று பேருக்கு ஆஸ்துமா வரவில்லையே.

இரண்டாவது, காற்று நுரையீரலின் எல்லா மூலைக்கும் சமமாகப் போகிறதா என்பது. அரிசி களைவதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தண்ணீர் மாற்றினால் கழுநீர் தெளிகிறது? பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் அரிசி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் கூடுதலாக இரண்டு தண்ணீர் வேண்டும். இங்கே கழுநீர் என்பது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற வாயு. உடம்பில் கலக்காது, காற்றைவிட ஐந்து மடங்கு கனம். 4 சதவீதம் கலந்து சிறிது நேரம் சுவாசிக்க விட்டு, பிறகு சாதாரணக் காற்றுக்கு மாற்றுவார்கள். அந்த வாயு நாற்பதில் ஒரு பங்காகக் குறைய நுரையீரல் தன் கொள்ளளவைப்போல எத்தனை மடங்கு காற்றைப் புரட்ட வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். நல்ல நுரையீரலுக்கு ஏறக்குறைய ஏழு. எங்காவது ஒரு கிளை அடைத்திருந்தால் எண் ஏறும். (அந்த வாயு புவி வெப்பத்தைக் கூட்டுவதில் கார்பன் டை ஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் மோசம் என்பது இந்தத் துறையினருக்கே ஒரு உறுத்தல்.)

வீசிங் வந்ததால் நுரையீரல் பலவீனமா, பலவீனமாக இருந்ததால் வீசிங் வந்ததா?

இந்தத் துறையின் ஆதாரக் கேள்வி இதுதான். நோய் வந்த பிறகு அளந்தால் விடை கிடைக்காது. நோய் வருவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் 1980 முதல் 1984 வரை பிறந்த 1246 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அதில் ஒரு சிறு பகுதியினருக்கு, நெஞ்சுச் சளி ஒருமுறைகூட வருவதற்கு முன்பே, நுரையீரலை அளந்து வைத்துக்கொண்டார்கள். பிறகு யாருக்கு வீசிங் வருகிறது என்று பார்த்தார்கள். ஃபெர்னாண்டோ மார்ட்டினெஸும் சகாக்களும் 1988-இல் வெளியிட்ட முடிவு: பின்னால் வீசிங் வந்த குழந்தைகளுக்கு அது வருவதற்கு முன்பே காற்றோட்டம் குறைவாக இருந்தது.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டால் தெரியும். குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழலின் சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் அதுதான் நடக்கிறது. அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் உங்களுக்கும் எனக்கும் தொண்டைக் கரகரப்பு, அவ்வளவே. ஒரே வைரஸ், ஒரே வீடு, அண்ணனுக்குச் சாதாரணச் சளி, கைக்குழந்தைக்கு ஆக்ஸிஜன் என்று ஆவது இதனால்தான்.

அப்படியானால் என் குழந்தைக்கு ஆஸ்துமா நிச்சயமா?

இல்லை. அதே டூசான் குழந்தைகளில் 826 பேரை ஆறு வயதுவரை பின்தொடர்ந்து 1995-இல் எழுதினார்கள். பாதிப் பேருக்கு (51.5 சதவீதம்) வீசிங் வரவே இல்லை. 19.9 சதவீதத்துக்கு மூன்று வயதுக்குள் வந்து ஆறு வயதில் போய்விட்டது. 15 சதவீதத்துக்கு மூன்று வயதுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 13.7 சதவீதத்துக்குச் சிறு வயதில் வந்து ஆறு வயதிலும் நீடித்தது.

மூன்று வயதுக்குள் வீசிங் வந்த குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. பிறந்தபோதே குழாய் குறுகலாக இருந்தவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். உடம்பு வளர, குழாயும் அகலமாக, சத்தம் நின்றுபோனது. "வளர வளரச் சரியாயிடும்" என்று பாட்டி சொன்னது பாதிக்கு மேல் சரி. இரண்டு வயதில் ஆஸ்துமா என்று உறுதியாகச் சொல்ல டாக்டர்கள் தயங்குவதும் இதனால்தான், தெரியாமல் மழுப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் வீசிங் நின்றுவிட்டது என்பதும் நுரையீரல் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. டூசானில் இரண்டு மாதத்தில் அளந்த 123 பேரை 22 வயதில் திரும்ப அளந்தார்கள். கைக்குழந்தையில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் 22 வயதிலும் பின்தங்கியே இருந்தார்கள். பள்ளிக்கூட அசெம்பிளியில் உயர வரிசைப்படி நிற்கும் பிள்ளைகளைப்போலத்தான். எல்லாப் பிள்ளைகளும் வருடா வருடம் வளர்கிறார்கள், வரிசை மட்டும் அவ்வளவாக மாறுவதில்லை.

சின்ன வயதில் வந்த நிமோனியா முதுமையில் தெரியுமா?

தெரியும். அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் மாவட்டத்தில் 1911-இலிருந்து எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்ற தலைமை சுகாதாரப் பார்வையாளரின் பொறுப்பில் ஒரு வேலை நடந்தது. குழந்தை பிறந்தவுடன் மருத்துவச்சி எடையைக் குறித்துக்கொடுப்பார். செவிலியர் வீடு வீடாகப் போய் அது தாய்ப்பால் குடிக்கிறதா, புட்டிப்பாலா, என்ன நோய் வந்தது, ஒரு வயதில் எடை எவ்வளவு என்று பார்த்துவருவார். எல்லாம் பேரேடுகளில் கையால் எழுதப்பட்டன. நம் ஊர் கிராம சுகாதார செவிலியர் அம்மா வைத்திருக்கும் பதிவேட்டை நினைத்துக்கொள்ளலாம். எழுபது வருடம் கழித்து இது ஒருவருக்கு உதவும் என்று அந்தச் செவிலியர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

டேவிட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளரின் குழு அந்தப் பேரேடுகளைக் கையில் எடுத்தது. 1911-க்கும் 1930-க்கும் இடையில் அங்கே பிறந்த 5718 ஆண்கள் என்ன ஆனார்கள் என்று தேடி, உயிரோடு அங்கேயே இருந்தவர்களில் 825 பேரை ஊதச் சொல்லி அளந்தார்கள். 1991-இல் முடிவு வந்தது. ஒரு வயதுக்குள் நிமோனியாவோ மூச்சுக்குழல் அழற்சியோ வந்தவர்கள், ஒரு நொடியில் வெளியேற்றும் காற்றில் சராசரியாக 0.17 லிட்டர் பின்தங்கியிருந்தார்கள். அவர்கள் சிகரெட் பிடித்தார்களா, பணக்காரரா ஏழையா, பிறந்தபோது எடை எவ்வளவு என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தும் இந்த வித்தியாசம் நின்றது. தனக்கு அப்படி ஒரு நோய் வந்ததே அந்தத் தாத்தாக்களில் பலருக்கு ஞாபகம் இருந்திருக்க முடியாது. பேரேட்டுக்கு இருந்தது, நுரையீரலுக்கும் இருந்தது.

1946 மார்ச்சில் பிரிட்டனில் பிறந்தவர்களைப் பின்தொடரும் இன்னொரு ஆய்வும் 2023-இல் இதையே சொன்னது. 3589 பேர். இரண்டு வயதுக்குள் நெஞ்சுத் தொற்று வந்தவர்கள், முதுமைக்கு முன்பே மூச்சு நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படித்ததும் பயந்துவிட வேண்டாம். நூற்றில் ஒருவர் என்பது நூற்றில் இரண்டு பேர் ஆவது போன்ற விஷயம் அது. உங்கள் குழந்தைக்கு ஒரு தடவை நிமோனியா வந்துபோனதற்காக எழுபது வருடம் கவலைப்பட வேண்டாம். பெரியவன் ஆன பிறகு சிகரெட் பக்கம் போகாமல் இருக்க இன்னொரு காரணம் அவனுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

வயதான பிறகு வரும் சி.ஓ.பி.டி. எனும் மூச்சடைப்பு நோய் முழுக்கச் சிகரெட்டின் கைவரிசை என்ற எண்ணமும் இதோடு ஆட்டம் கண்டது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த நோய் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேயவே இல்லை. இளமையிலேயே குறைவான அளவில் தொடங்கி, எல்லோரையும்போலத் தேய்ந்து, சீக்கிரமே நோய்க்கான எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டார்கள்.

பேரேடு சரி, ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் பிறந்தபோது யாரும் நுரையீரலை அளக்கவில்லையே?

சரியான சந்தேகம். அங்கே எது முதலில் என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பார்ல் ஆய்வின் மதிப்பே இங்கேதான். ஆறு வாரத்தில் அளந்தாகிவிட்டது, பிறகு யாருக்கெல்லாம் நெஞ்சுத் தொற்று வந்தது என்று கண்காணித்தார்கள், ஒரு வயதில் மறுபடி அளந்தார்கள். டயான் கிரே முன்னின்று எழுதிய முடிவு இரண்டு பக்கமும் உண்மை என்று காட்டியது. ஆறு வாரத்தில் பலவீனமாக இருந்தவர்களுக்குத் தொற்று அதிகம் வந்தது. தொற்று வந்தவர்களுக்கு, தொடக்க அளவைக் கணக்கில் எடுத்த பிறகும், ஒரு வயதில் மூச்சு வேகம் கூடியிருந்தது. தொற்று திரும்பத் திரும்ப வர, வித்தியாசமும் ஏறியது. தாய் கர்ப்பத்தில் புகைத்ததும் மது குடித்ததும் ஆறு வார அளவிலேயே தெரிந்தது.

நம் ஊரில் கர்ப்பிணிகள் புகைப்பதில்லையே, அது நமக்கு எதற்கு?

கர்ப்பிணி புகைப்பது அரிதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடிப்பவர் அரிதல்ல. நிகோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டி, கிளை விட்டுக்கொண்டிருக்கும் நுரையீரலை அடைகிறது.

அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2014-இல் வெளியானது. புகைப்பதை விட முடியாத கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குத் தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வைட்டமின் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்த மூன்று நாளுக்குள் அளந்தபோதே நுரையீரல் நன்றாக இருந்தது, முதல் வருடத்தில் வீசிங் வந்தது 21 சதவீதத்துக்கு. மற்றவர்களில் 40 சதவீதம். உடனே எல்லாக் கர்ப்பிணிகளும் மாத்திரை வாங்கக் கிளம்ப வேண்டாம். சோதனை புகைத்தவர்களிடம் மட்டும் நடந்தது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, கருவிலேயே ஆன கேட்டைக் கருவிலேயே கொஞ்சம் குறைக்க முடிகிறது என்பதுதான்.

விறகடுப்பு? கேஸ் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இந்தக் கேள்வியில் தமிழ்நாட்டுக்கே பங்கு உண்டு. 'ஹேப்பின்' என்ற சோதனை குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்தது. இந்தியப் பகுதி முழுக்க விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரத்தில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவின் பொறுப்பில். பாதி வீடுகளுக்கு 18 மாதம் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் வழக்கம்போல விறகு, வறட்டி.

புகை நிஜமாகவே குறைந்தது. குழந்தை சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 66 மைக்ரோகிராமிலிருந்து 24 ஆனது. இவ்வளவு சுத்தமாக அடுப்பை மாற்றிக் காட்டிய சோதனைகள் குறைவு. ஆனால் கடுமையான நிமோனியா குறையவில்லை. 2024-இல் வெளியான கணக்கு: நூறு குழந்தைகளை ஒரு வருடம் கவனித்தால் கேஸ் வீடுகளில் 5.67, விறகு வீடுகளில் 6.06. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

அப்போது விறகுப் புகை பரவாயில்லையா? அப்படிப் படிப்பது தப்பு. 24 என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வருடாந்தர எல்லையான ஐந்தைப்போல ஐந்து மடங்கு. பக்கத்து வீட்டுப் புகை நம் வீட்டுக்கும் வரும். பெண்களை ஒன்பதாவது வாரத்துக்கும் இருபதாவது வாரத்துக்கும் இடையில் சேர்த்தார்கள், பலருக்குக் கிளைக்குழல்கள் பெரும்பாலும் உருவாகிவிட்ட நேரம். நிமோனியா வருமா வராதா என்பது ஒன்று, நுரையீரல் எப்படி வளர்கிறது என்பது வேறொன்று. கானாவின் கின்டாம்போவில் நடந்த ஆய்வில், கர்ப்பத்தில் தாய் சுவாசித்த கார்பன் மோனாக்சைடுக்கும் ஒரு மாதக் குழந்தையின் நுரையீரல் அளவுக்கும் தொடர்பு தெரிந்தது. குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம். கேஸ் சிலிண்டர் வேண்டும். அது மட்டும் போதும் என்று திட்டம் போடுபவர்கள் நினைத்துவிடக் கூடாது.

குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணி போடலாமா?

பாட்டிகளோடு சண்டைக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. ஆனால் தணலில் எழும் புகை எதுவானாலும் நுண்துகள்தான், வாசனை நன்றாக இருப்பதால் துகள் இல்லாமல் போய்விடாது. மேலே சொன்ன பதினாறு மடங்குக் கணக்கை நினைத்துப் பாருங்கள். தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினாலே காய்ந்துவிடும்.

மூக்கில் எண்ணெய் விடுவது இதைவிட மோசம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமலே வராமல் தங்கி, ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சூடமும் கைக்குழந்தைக்கு வேண்டாம். உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை?

தனிப் பக்கமே எழுத வேண்டிய விஷயம். சுருக்கமாக: காற்றுப் பைகள் மூச்சு விட்டதும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான ஒரு பொருள் நுரையீரலில் சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகளிடம் அது போதவில்லை என்பதை 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். அதை மருந்தாக்கிக் கொடுக்க இருபது வருடம் ஆனது. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாத மகன் இந்தக் கோளாறால் இரண்டே நாளில் இறந்தான். இன்று அதே மாதத்தில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் குறைமாதக் குழந்தைகளை வீசிங், நெஞ்சுத் தொற்று விஷயத்தில் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

சளி என்றாலே நெபுலைசர் வைக்க வேண்டுமா?

ஒரு வயதுக்குள் முதல் தடவை வைரஸால் வரும் பிரான்கியோலைட்டிஸ் எனும் நுண் மூச்சுக்குழல் அழற்சியில் அடைப்பு பெரும்பாலும் வீக்கமும் சளியும்தான். நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும் மருந்து, வீக்கத்தை வடிய வைக்காது. அதனால் வழக்கமாக வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு 2014-இலேயே சொல்லிவிட்டது. மூக்கைச் சுத்தம் செய்வது, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பது, ஆக்ஸிஜன் குறைகிறதா என்று பார்ப்பது, இவைதான் வைத்தியம். டாக்டர் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தடுப்பூசி உதவுமா?

உதவும். நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் என்ற கிருமியையும் தடுக்கும் ஐந்து-நோய்த் தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. நிமோனியாவுக்கு இன்னொரு காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி இப்போது ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அரசு மருத்துவமனையில் இலவசம். கைக்குழந்தைகளை அதிகம் படுக்கவைக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கும் 2023-இலிருந்து சில நாடுகளில் கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் குழந்தைக்குப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 2019-இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் ஒரு லட்சம் குழந்தைகளின் இறப்புக்கு அந்த வைரஸ் காரணம். அதில் பெரும்பகுதி ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஊசி முதலில் போய்ச் சேர்ந்தது பணக்கார நாடுகளுக்கு.

என் குழந்தைக்கும் இந்த அளவை எடுத்துப் பார்க்க முடியுமா?

ஆராய்ச்சிக் கூடங்களையும் சில பெரிய மருத்துவமனைகளையும் விட்டால் இது கிடைக்காது, நன்றாக இருக்கும் குழந்தைக்குத் தேவையும் இல்லை. எடுத்தாலும் எதோடு ஒப்பிடுவது என்ற சிக்கல் இருக்கிறது. பழைய அட்டவணைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளை வைத்து, குறிப்பிட்ட கருவியில் போட்டவை. கருவி மாறினால் எண்ணும் மாறும். பரவலாகப் புழக்கத்தில் இருந்த ஒரு கருவியில் ஆக்ஸிஜன் உணரியும் கார்பன் டை ஆக்சைடு உணரியும் ஒன்றின் கணக்கை ஒன்று குழப்பிக்கொண்டிருந்ததை 2021-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அரிசி களையும் கணக்கையே, சல்ஃபர் வாயுவுக்குப் பதில் நுரையீரலில் உள்ள நைட்ரஜனை வைத்துப் பார்க்கும் முறையில் அதுவரை எடுத்த பல அளவுகளை மறுபடி கணக்குப் போட வேண்டி வந்தது. தன் தவற்றைத் தானே போட்டு உடைத்த துறை என்பதில் எனக்கு மரியாதை கூடியது.

சரி, வீட்டில் நான் எதைத்தான் பார்ப்பது?

மூச்சை எண்ணுங்கள். கருவி வேண்டாம், நொடி முள் ஓடும் கடிகாரம் போதும்.

அழுதுகொண்டிருக்கும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ண வேண்டாம், தூங்கும்போது எண்ணுங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது கைக்குழந்தைக்கு உதவாது, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பிறந்த சில வாரங்களில் சில நொடி நிறுத்தி, பிறகு வேகமாக எடுக்கும். அது இயல்பு. இருபது நொடி நின்றால் இயல்பல்ல.

இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கூடுதலாக வந்தால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை எண்ணுங்கள். அப்போதும் அதே எண் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எண்ணும்போதே இதையும் பாருங்கள்: மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, ஒவ்வொரு மூச்சிலும் முனகுகிறதா, பால் இழுக்க முடியாமல் விட்டுவிடுகிறதா, உதடு நீலம் பாய்கிறதா, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் இரண்டாவது தடவை எண்ண உட்கார வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.